இருபத்தோராம் திகதிச் சந்திரன்

அத்தியாயம் 6

பியாட்றிஸ் ஓட்டோவின் பின்சீற்றில் வந்து விழுந்த விதத்திலேயே ஓட்டோக்காரன் சந்தியோகுவுக்கு விளங்கிவிட்டது, இன்றைக்கு யாருக்கோ கூடாத காலம் என்று.

“எங்கையக்கா?”

“எங்கையாவது. முதல் உந்த வாசலிலை இருந்து எடும்.”

உந்த வாசல் என்றால், மானிப்பாயில் நதானியேல் மாஸ்டரின் வாசல். முப்பத்தைந்து வருடம் கணக்குப் படிப்பித்த மனிதர். சேர்ச் கமிட்டியில் அவர் இருமினால்கூட அதைத் தீர்மானமாக எழுதிவிடுவார்கள். கலியாணப் பதிவா, காணி உறுதியா, கடவுச்சீட்டுப் படிவமா, சாட்சிக் கையெழுத்து என்றால் ஊரே “மாஸ்டரிட்டைப் போ” என்றுதான் சொல்லும். பியாட்றிஸுக்குப் பின்னக்கணக்கு ஏற்றியவரும் அவர்தான். நீதிமன்றக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் கோப்புகளோடு மாரடித்துவிட்டு, இப்போது ஊராரின் பொய்களைக் கிண்டி எடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பியாட்றிஸ், இன்றுவரை அவர் முன்னால் கதிரையில் சாய்ந்து இருந்ததில்லை.

அந்த மனிதர் இன்று காலை அவளுடைய முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தார்.

பொய் என்று அவளிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. அவளுக்குப் பட்டது, அவ்வளவுதான்.

விசயம் இதுதான். மருதனார்மடத்து ஏரம்பு, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், போன மாசியில் கண்ணை மூடினார். ஒரே மகள் செல்வநாயகி. வயது நாற்பத்தொன்பது, கலியாணம் கட்டவில்லை, முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். தகப்பனுக்குப் பாரிசவாதம் வந்து இடக்கால் விழுந்தபிறகு அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கிழவர் போய் ஒரு மாதம் ஆகவில்லை, பெறாமகன், தமையனின் பெடியன் அன்புராஜா ஓர் உறுதிப் பத்திரத்தோடு வந்து நின்றான். வீடும் காணியும் அவனுக்கு நன்கொடையாம். 2023 யூலை 20, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, மானிப்பாய்ச் சந்திக்குப் பக்கத்து மேல்மாடியில், உறுதி எழுதும் நொத்தாரிசு கந்தோரில் ஏரம்பு நேரே வந்து கையெழுத்து வைத்தாராம். நொத்தாரிசு செத்துப்போனார். ஒரு சாட்சி பிரான்சுக்கு ஏறிவிட்டான். மற்றச் சாட்சி நதானியேல் மாஸ்டர்.

உறுதியில் ஒரு வரி இருந்தது. ‘என் மகள் என்னைப் பராமரியாது கைவிட்டபடியால்.’

“வீடு போனால் போகட்டும் அக்கா,” என்று செல்வநாயகி நேற்றுச் சொன்னாள். “எங்கையாவது ஓர் அறை எடுத்திருப்பன். அப்பா அப்பிடிச் சொன்னவரோ? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ.”

நாளை காலை ஒன்பதரைக்கு நீதிமன்றத்தில் அவள் இணக்கத்துக்குக் கையெழுத்து வைத்து, வீட்டுத் திறப்பைக் கொடுக்கவேண்டும். அப்படி இணங்கிப் போகச் சொன்னதே பியாட்றிஸ்தான். ‘மாஸ்டர் சாட்சி சொன்னால் வேறை கதையில்லை’ என்று சொன்ன தன் வாயைப் பிடித்து இழுத்து அறையவேண்டும்போல அவளுக்கு இருந்தது.

ஓட்டோ மானிப்பாய்ச் சந்தி தாண்டியதும் சந்தியோகு கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

“மாஸ்டர் என்ன சொன்னவர்?”

“கந்தோர்ப் படியிலை ஏரம்பர் பொல்லை ஊண்டி ஏறி வந்தவராம். கையெழுத்து வைச்சவராம். பேனையை மூடிப்போட்டுச் சொன்னவராம், ‘மாஸ்டர், இண்டைக்கு நல்ல நாள். சந்திரனிலை மனிசன் கால் வைச்ச நாள்’ எண்டு.”

“ஏரம்பர் சொல்லக்கூடிய கதைதானே அக்கா? என்ரை ஓட்டோவிலை ஒருக்கா ஏறினவர். சங்கானையாலை திரும்பி வரமுந்தி எனக்கு ரெண்டு உலக யுத்தமும் முடிஞ்சுது.”

உண்மைதான். உள்ளூர்ப் பத்திரிகையில் நாற்பது வருடமாக ‘இதே நாளில்’ என்ற பத்தியை எழுதியவர் ஏரம்பு. உலகத்தில் எந்தத் திகதியில் எந்த ராசா முடிசூடினான், எந்தக் கப்பல் கடலில் தாண்டது, எல்லாம் அவர் நாக்கு நுனியில். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு கேட்கும்போதும் இதே நாளில் நடந்த ஒரு புரட்சியைச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்.

“அதுதான் எனக்கு எரியுது,” என்றாள் பியாட்றிஸ். “போன மாதம் பொலிசுக்குக் குடுத்த வாக்குமூலத்திலை சந்திரனே இல்லை. அதை நான் ரெண்டுதரம் வாசிச்சனான். இண்டைக்குச் சந்திரன் வந்து நிக்குது.”

“வளர்பிறையாக்கும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மூளை ஓடத் தொடங்கியது. மாஸ்டர் தன் வாக்குமூலத்துக்கு இப்படி ஒரு பொட்டு வைத்துவிட வேண்டுமென்றால், அந்தப் பொட்டை எங்கிருந்தோ எடுத்திருக்கவேண்டும்.

“யாழ்ப்பாணம் விடும். பத்திரிகைக் கந்தோருக்கு.”

*

பத்திரிகையில் ‘இதே நாளில்’ வரும் பக்கத்தைப் பார்ப்பவள் வித்தியா. முப்பது வயது, மூக்கின் நுனியில் கண்ணாடி. மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி. பியாட்றிஸ் கேட்டதும் 2023 யூலைக் கட்டைத் தூக்கி வந்து போட்டாள். தூசிக்குச் சந்தியோகு மூன்றுதரம் தும்மினான்.

யூலை 20. ‘இதே நாளில்: 1969, சந்திரனில் மனிதன் முதன்முதலாகக் கால் பதித்தான்.’ கீழே தொகுப்பு: ஏரம்பு.

பியாட்றிஸின் முகம் விழுந்தது. மாஸ்டர் சொன்னது அப்படியே அச்சில் கிடந்தது.

“சரிவந்திட்டுதே,” என்றான் சந்தியோகு. “கிழவர் அண்டைக்கு உதைத்தான் சொல்லியிருக்கிறார்.”

வித்தியா கண்ணாடியைக் கழற்றினாள். “ஆர் சொன்னவர்? ஏரம்பு மாஸ்டரோ? யூலை இருபதிலை சந்திரன் எண்டு அவரோ?”

“ஓம்.”

“சத்தியமாச் சொல்லமாட்டார். செத்தாலும் சொல்லமாட்டார்.”

அவள் அலுமாரியைத் திறந்து ஒரு கடிதக்கட்டை எடுத்தாள். எல்லாம் ஒரே சாய்ந்த கையெழுத்து. வருடம் வருடமாக, யூலை மாதம் மட்டும் வந்த கடிதங்கள். மேலே கிடந்ததை பியாட்றிஸ் வாசித்தாள்.

‘ஆசிரியருக்கு, இந்த முறையும் நான் 21 என்று எழுதிக் கொடுத்ததை நீங்கள் 20 என்று மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். சந்திரனில் கால் வைத்தபோது அமெரிக்காவில் ஞாயிறு இரவு. யாழ்ப்பாணத்தில் திங்கட்கிழமை காலை எட்டு மணி இருபத்தாறு நிமிடம். நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் எடுக்கிற நேரம். யாழ்ப்பாணத்தவன் வாசிக்கிற பத்தியில் யாழ்ப்பாணத்து மணிக்கூடுதான் ஓடவேண்டும். உங்களுக்கு அமெரிக்க மணிக்கூடு வேண்டுமென்றால் பத்திரிகையை அங்கே கொண்டுபோய் விற்கவும்.’

“எல்லாரும் இருபது எண்டுதான் போடுகினம், நாங்கள் மட்டும் மாத்திப் போட்டால் பிழை எண்டு ரெலிபோன் வரும் எண்டு ஆசிரியர் விடமாட்டார்,” என்றாள் வித்தியா. “ஒவ்வொரு யூலையும் சண்டை. ஒருக்கா ரெண்டு மாதம் பத்தியே தரேல்லை. இருபதாம் திகதி மட்டையிலை அவர் வைச்சிருந்தது வேறை. அண்டைக்குச் செவ்வாயிலை ஒரு இயந்திரம் இறங்கினது. 1976.”

பியாட்றிஸ் மெல்ல நிமிர்ந்தாள். “எந்த மட்டை?”

மேசைக்கு அடியில் இரண்டு பிஸ்கற் ரின்கள் இருந்தன. நாளுக்கு ஒன்றாக, ஏரம்பு குறிப்பு எழுதி வைத்த முந்நூற்று அறுபத்தாறு மட்டைகள். பெப்ரவரி இருபத்தொன்பதையும் கிழவர் விடவில்லை. போன கார்த்திகையில் செல்வநாயகியிடம் கொடுத்து அனுப்பியிருந்தார், தனக்குப் பிறகு வித்தியா பத்தியை நடத்தட்டும் என்று. நூல் கட்டி, மெழுகு ஒட்டி.

“கார்த்திகையிலை இஞ்சை வந்திட்டுது,” என்று பியாட்றிஸ் விரலை மடக்கினாள். “அவர் போனது மாசியிலை. உறுதி வெளியிலை வந்தது பங்குனியிலை.”

“செல்வநாயகி பேந்து எழுதிச் சேர்த்தவள் எண்டு ஒருத்தனும் வாய் திறக்கேலாது,” என்றான் சந்தியோகு.

வித்தியா யூலை 21ஐ உருவிக் கொடுத்தாள். முன்பக்கத்தில் உலகம். அதை பியாட்றிஸ் வாசித்தாள். “பின்னாலையும் பாருங்கோ,” என்றாள் வித்தியா. “முன்பக்கம் உலகத்துக்கு, பின்பக்கம் வீட்டுக்கு. அது அவரின்ரை பழக்கம். பின்பக்கத்தை நாங்கள் போடுறேல்லை. நானே உதை இப்பதான் பாக்கிறன்.”

பியாட்றிஸ் திருப்பினாள். வாசித்தாள். ஒருமுறை வாசித்துவிட்டு இன்னொருமுறை வாசித்தாள். அவளுடைய காது மடல் சிவந்தது.

“என்னக்கா? என்ன கிடக்கு?”

“நதானியேல் சேர் வாசிப்பார்,” என்று சொல்லி மட்டையைக் கைப்பைக்குள் வைத்தாள். “எனக்குப் படிப்பிச்ச மனிசன். அவரே வாசிக்கட்டும்.”

போகிற வழியில் அவள் ஓட்டோவை ஓரிடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னாள். நொத்தாரிசு கந்தோர் இருந்த கட்டடத்தின் படிகளில் மேலே ஏறி, கீழே இறங்கி, வந்து ஏறினாள். “மூட்டுவலிக்கோ?” என்று சந்தியோகு கேட்டான். “மானிப்பாய் விடும்,” என்றாள் அவள்.

*

மாலை நாலு மணி. நதானியேல் மாஸ்டர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். காலையில் போனவள் திரும்பி வந்ததைக் கண்டதும் கால்களைக் கீழே வைத்தார்.

“என்ன பிள்ளை? தேத்தண்ணி போடச் சொல்லட்டோ?”

“வேண்டாம் சேர். காலமை சொன்னதை ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். பொல்லு, படி, பேனை, சந்திரன். ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. பாடமாக்கிய பிள்ளைகள் அப்படித்தான் ஒப்புவிக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும், ஆயிரம் பேரைப் பிடித்து வாங்கில் ஏற்றியவர்.

“செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி ஏதும் சொன்னவரோ?”

“இல்லையே.”

பியாட்றிஸ் ஏரம்புவின் கடிதத்தை நீட்டினாள். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். யாழ்ப்பாணத்து மணிக்கூடு என்ற இடத்தில் அவருடைய உதடு கொஞ்சம் அசைந்தது. பிறகு, கணக்கு வாத்தியார் அல்லவா, உடனேயே வழி கண்டுபிடித்துவிட்டார்.

“வயது போன மனிசன், பியாட்றிஸ். வருத்தக்காரன். அண்டைக்குக் காலமைப் பேப்பரிலை இருபது எண்டு கிடந்திருக்கும். அதைப் பாத்திட்டுச் சொல்லியிருப்பார். இதை வைச்சு நான் பொய் எண்டு சொல்லுவியோ?”

சந்தியோகு கன்னத்தைச் சொறிந்தான். மாஸ்டர் தப்பிவிட்டார். அன்புராஜாவுக்காக வழக்குப் பேசும் எந்த அப்புக்காத்தும் இதே பதிலைத்தான் சொல்லுவான். பாரிசவாதம் வந்த மனிதனின் ஞாபகத்தை எந்த நீதவான் நம்புவார்? செல்வநாயகியிடம் கேட்டபோதும், ‘ஆடிக்கூழ் காய்ச்சினாப் பிறகுதான் அப்பா எழும்பி நடந்தவர், நாள் ஞாபகமில்லை’ என்றுதான் சொன்னாள். ஆடிப்பிறப்பு யூலை பதினேழு. இருபதாம் திகதி நடந்து போனார் என்று சொல்ல அன்புராஜாவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

பியாட்றிஸ் கோபத்தை விழுங்கிக்கொண்டு கைப்பையைத் திறந்தாள்.

“இது அவரின்ரை யூலை இருபத்தொண்டு மட்டை. வாசியுங்கோ சேர். சத்தமா. வகுப்பிலை வாசிக்கிற மாதிரி.”

“உதெல்லாம் ஏன்...”

“வாசியுங்கோ!”

அந்த வீட்டு விறாந்தையில் மாஸ்டரைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. கூரையில் இருந்த புறா எழும்பிப் பறந்தது. மாஸ்டர் மட்டையை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

“யூலை 21. 1960, உலகின் முதல் பெண் பிரதமர் எங்கள் நாட்டில் பதவியேற்றார். 1969, காலை 8.26, எங்கள் மணி. சந்திரனில் மனிதன் கால் வைத்தான்.” அவர் நிமிர்ந்தார். “சரி. அதுக்கு?”

“திருப்புங்கோ.”

திருப்பினார். குரல் தானாகவே தொடர்ந்தது, முப்பத்தைந்து வருடப் பழக்கம்.

“2023, வெள்ளிக்கிழமை, காலை 6.50. பாரிசவாதம் வந்து தொண்ணூற்று மூன்று நாள். இன்றுதான் முதன்முதல் கட்டிலை விட்டு இறங்கி முற்றத்தில் கால் வைத்தேன். ஏழு அடி. பிடித்தவள் மகள். அவளுக்குப் பள்ளிக்கூடம் பிந்திவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை. சந்திரனுக்குப் போனவர்களுக்குப் பின்னால்...”

மாஸ்டர் நிறுத்தினார்.

“முடியேல்லை சேர். இன்னும் ஒரு வரி கிடக்கு.”

“சந்திரனுக்குப் போனவர்களுக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. எனக்கு ஒருத்தி.”

மாஸ்டர் மட்டையை மடியில் கவிழ்த்து வைத்தார். ரோட்டில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது.

“அந்தக் கந்தோருக்கு இருபத்திரண்டு படி,” என்றாள் பியாட்றிஸ். “இப்பதான் எண்ணிப்போட்டு வாறன். வியாழக்கிழமை இருபத்திரண்டு படி ஏறின மனிசன், வெள்ளிக்கிழமை முற்றத்திலை ஏழு அடி நடந்ததைச் சந்திரனுக்குப் பக்கத்திலை எழுதி வைப்பாரோ? நீங்கள் கணக்கு மாஸ்டர். கூட்டிப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

“நான் அங்கை போகேல்லை.”

“தெரியும்.”

“அன்புராஜா என்னட்டைப் படிச்ச பெடியன். இஞ்சை, இந்தக் கதிரைக்குக் கொண்டுவந்தவன். ஏரம்புவின்ரை கையெழுத்து முதலே கிடந்தது. ‘சேர், ஒரு சாட்சிக் கையெழுத்து’ எண்டான். எல்லாருக்கும் வைக்கிறனான்தானே பிள்ளை. ஆர் வந்தாலும் வைக்கிறனான்.”

“வாசிச்சனீங்களோ?”

தலையை ஆட்டினார், இல்லை என்று.

“மகள் கைவிட்டவள் எண்டு அதிலை கிடக்கு. அதையுமோ?”

“வழக்கு வந்தாப் பிறகுதான் பாத்தன். பொலிசு வந்து கேக்கேக்கை, நான் காணாமல் வைச்சனான் எண்டு எப்பிடிச் சொல்லுறது? இவ்வளவு காலமும் நான் வைச்ச கையெழுத்துக்கெல்லாம் என்ன மதிப்பு? பேந்து அன்புராஜா பேப்பர்த் துண்டோடை வந்தவன். ‘ஏரம்பு சித்தப்பா இப்பிடிச் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ சேர், எல்லாரும் நம்புவினம்’ எண்டு.”

கெட்டிக்காரன் புளுகும் எட்டு நாளைக்கு என்பார்கள். அன்புராஜா கெட்டிக்காரன்தான். கிழவர் என்ன சொல்லுவார் என்பதைக் கிழவரின் பத்தியிலிருந்தே எடுத்தான். அந்த ஒரு திகதிக்காகக் கிழவர் நாற்பது வருடம் சண்டை பிடித்தார் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. சித்தப்பனோடு ஒருநாளாவது இருந்து கதைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பியாட்றிஸ் எழும்பினாள். இதுவரை விழுங்கியதெல்லாம் இப்போது வெளியே வந்தது.

“உங்கடை கையெழுத்துக்கு மதிப்பு வேணும். அதுக்காகத் தொண்ணூற்று மூண்டு நாள் பீ மூத்திரம் அள்ளின ஒருத்தியை, தேப்பனைக் கைவிட்டவள் எண்டு ஊர் சொல்லவேணும். அவள் மூண்டு மாதமா நித்திரை கொள்ளேல்லை சேர். வீட்டை நினைச்சில்லை. அப்பா உண்மையிலை அப்பிடிச் சொன்னவரோ எண்டு. அன்புராஜா காணியைத்தான் களவெடுத்தவன். நீங்கள் அவளிட்டை இருந்து அவளின்ரை அப்பாவைக் களவெடுத்தனீங்கள்!”

மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. அவள் இரங்கவில்லை. கலங்கட்டும். அதுவே பிந்தித்தான் வந்திருக்கிறது.

“நாளைக்குக் கோட்டிலை நான் சொல்லுறன்,” என்றார்.

“சொல்லத்தான் வேணும். எட்டரைக்குச் சந்தியோகு வருவார்.”

“கூலி வேண்டாம் மாஸ்டர்,” என்றான் சந்தியோகு. “ஏறேக்கை மட்டும் தலையைக் குனியுங்கோ. என்ரை ஓட்டோக் கூரை பதிவு.”

*

மருதனார்மடத்தில் ஆஞ்சநேயர் கோயில் மாலைப்பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. செல்வநாயகி தகப்பனின் புத்தகங்களை உரப்பைகளில் கட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வெளிக்கிட ஆயத்தம். பியாட்றிஸ் மட்டையை நீட்டினாள், பின்பக்கம் மேலே தெரிய.

செல்வநாயகி நின்றபடியே வாசித்தாள். கடைசி வரியில் கண் நின்றது. அழப்போகிறாள் என்று நினைத்துச் சந்தியோகு முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அழவில்லை. கையிலிருந்த உரப்பையைத் தூக்கி நிலத்தில் அடித்தாள்.

“ஊருக்கெல்லாம் சொன்ன மனிசன்!” என்று கத்தினாள். “வெத்திலைக் கடைக்காரனுக்குச் சொன்னவர், பஸ் கொண்டக்டருக்குச் சொன்னவர், எவன் எப்ப செத்தவன், எவன் எப்ப பிறந்தவன் எண்டு. இதை எனக்கு ஒருநாள், ஒரேயொருநாள், வாய் திறந்து சொல்லேல்லையே அக்கா! நானும் ஒரு பைத்தியக்காரி, அப்பா அப்பிடிச் சொல்லியிருப்பாரோ எண்டு மூண்டு மாதம்...”

கட்டிய புத்தகங்களின் மேலேயே இருந்துவிட்டாள். பியாட்றிஸ் பக்கத்தில் போய் இருந்தாள். நாளைக்கு நீதிமன்றத்தில் என்ன நடக்கும், மாஸ்டர் என்ன சொல்லுவார், அன்புராஜா எங்கே நிற்பான், எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள். செல்வநாயகி பாதியைக் கேட்டாளோ என்னவோ. ஒரு புத்தகக் கட்டின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அந்தப் பேப்பர்ப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ அக்கா. வாற யூலை சந்திரனை இருபத்தொண்டிலை போடச் சொல்லி. இருபதிலை போட்டால், அப்பா கடிதம்தான் எழுதினவர். நான் நேரிலை வருவன்.”